ஒரு குழாய் பாக்கி

அக்காவின் வலது கைச் சுண்டுவிரல் ஆர்கனின் ஒரு கட்டையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அதைத்தான் சொல்ல வந்தேன். வார நாட்களில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கடிதப் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான்; முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னால் எனக்கே பொறுக்காது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

அக்கா இசை மண்டபத்தில் ஆர்கன் வாசிப்பவள். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் குழாய்கள் நிற்கும். முன்னால் தெரிவது பெயருக்குத்தான். அதற்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அங்கே பென்சில் அளவுக் குழாயிலிருந்து ஆள் நுழையும் அளவுக் குழாய் வரைக்கும் காடு மாதிரி நிற்கும். வாசிக்கக் கைக்கு ஒரு வரிசைக் கட்டைகள், காலுக்குக் கீழே ஒரு வரிசை. மோட்டார் காற்றை ஊதும்; கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழாய் பாடும்; விரலை எடுக்கும்வரை பாடிக்கொண்டே இருக்கும். பியானோ ஒலி தானாகத் தேய்ந்துவிடும்; இது ஓயாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஞாயிறு மதியக் கச்சேரிகளில் நான் அக்காவின் இடது பக்கம் உட்காருவேன். தாள் திருப்புவதும், அவள் தலையசைத்தால் குமிழ்களை இழுப்பதும் என் வேலை. ஒரு குமிழை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்களுக்குக் காற்று திறக்கும். மோட்டார் சுவிட்சும் என் பக்கத்துச் சட்டத்தில்தான் இருக்கிறது. எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டேன் என்பதால் அக்கா எனக்கு வைத்த பெயர் ஆமை. அத்தான் அதை 'ஆமை மச்சான்' என்று ஆக்கினார்.

அத்தான்தான் அந்த ஆர்கனுக்குச் சுதி சேர்ப்பவர். அது இரண்டு பேர் வேலை. அவர் சின்னக் கதவைத் திறந்து குழாய் அறைக்குள் போய்விடுவார். அக்கா வெளியே உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ஏற்கெனவே சரியான குழாயும், சரிசெய்ய வேண்டிய குழாயும் சேர்ந்து ஒலிக்கும். சுதி சேராவிட்டால் ஒலி அலைபாயும். அத்தான் குழாயின் தலையில் இருக்கும் பட்டையை 'டிக், டிக்' என்று தட்டுவார். அலை மெதுவாகும், இன்னும் மெதுவாகும், நின்றுவிடும். ஒலி இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நேராகும். உடனே உள்ளேயிருந்து, "அடுத்தது" என்பார். அக்கா விரலை எடுத்து அடுத்த கட்டைக்குப் போவாள்.

அவர் சொல்லாமல் விரலை எடுக்கக் கூடாது. கூப்பிட்டுக் கேட்கவும் கூடாது. ஏனென்றால் உள்ளே இருப்பவர் காதை அந்தக் குழாயிடம் கொடுத்துவிட்டு நிற்கிறார். சில குழாய் முரண்டு பிடிக்கும். உள்ளே ஆள் நின்றாலே உடம்புச் சூட்டில் சுதி ஏறிவிடும். ஆறும்வரை அவர் மூச்சை அடக்கி ஒதுங்கி நிற்பார். அதனால் எவ்வளவு நேரமானாலும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் முறை.

கடைசிக் கட்டையும் முடிந்ததும், "முடிஞ்சுது, உள்ள வா" என்பார். அக்கா சின்னக் கதவு வழியாகக் குனிந்து உள்ளே போவாள். குழாய்களுக்கு நடுவே போட்ட பலகையில் இருவரும் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடிப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் கூப்பிட்டு அவள் போகாமல் இருந்ததே இல்லை.

மண்டபத்தின் ஆண்டு விழாவுக்கு ஃபியூக் என்ற வகைப் பாட்டு ஒன்றை வாசிக்க அக்கா தீர்மானித்தாள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் காலத்தில் எழுதியது, நான்கு குரல். முதல் குரல் தனியாக ஒரு பேச்சை எடுக்கும். அது முடிவதற்குள் இரண்டாவது குரல் அதே பேச்சை வேறு உயரத்தில் எடுக்கும். பிறகு மூன்றாவது, நான்காவது. யாரும் யாருக்காகவும் நிறுத்தமாட்டார்கள். ஆனாலும் சண்டை இருக்காது.

"உங்க வீட்டுச் சாப்பாட்டு நேரம் மாதிரி," என்றார் அத்தான். "ஒருத்தர் ஒண்ணு சொன்னா மத்த மூணு பேரும் அதையே சொல்லுவீங்க, அவங்கவங்க கண்டுபிடிச்ச மாதிரி."

"உங்க வீட்ல பேச்சே கிடையாது, அதனாலதான் குழாய்கிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க," என்றாள் அக்கா.

அந்த ஃபியூகுக்காகத்தான் அத்தான் சுதி சேர்க்க உள்ளே போனார். மேல் கட்டைகளை நோக்கி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் சில கட்டைகளே பாக்கி. அப்போது ஒரு கட்டையில் அலை மெதுவாகி, மெதுவாகி, முழுக்க அடங்காமல் அப்படியே தங்கிவிட்டது. அதாவது ஒலி லேசாக அசைந்துகொண்டே இருந்தது. 'டிக்' சத்தம் மட்டும் வரவில்லை. குழாய் ஆறட்டும் என்று ஒதுங்கி நிற்கிறார் என்று அக்கா நினைத்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டும் இருந்தாளாம்: இந்த மனுஷனுக்கு எதிலும் திருப்தி கிடையாது என்று.

கடைசியில் மண்டபக் காவலாளிதான் வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்குவதால் எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன்.

"என்னம்மா இது, ஒரே சத்தம் ஊதிக்கிட்டே கிடக்கு? மாடிவரைக்கும் பல்லு கூசுது."

அக்கா உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினாள். அவர் சின்னக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அத்தான் பலகையில் உட்கார்ந்தபடி, குழாய்ச் சட்டத்தில் தலை சாய்த்திருந்தார். நெஞ்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோதும் அந்த ஒலி ஓயவில்லை. "அக்கா, கையை எடு," என்றேன்.

"அவர் சொல்லலையே," என்றாள்.

அன்று மோட்டாரை அணைத்தவன் நான். காற்று இறங்க இறங்க அந்த ஒலி முனகிக்கொண்டே கீழே போய் அடங்கியது. அதற்கப்புறம்தான் விரல் எழுந்தது.

துக்கம் ஆறிய பிறகு அக்கா மறுபடி வாசிக்க வந்தாள். அப்போதுதான் தெரிந்தது. எதை வாசித்தாலும் அந்தக் கட்டை வந்ததும் சுண்டுவிரல் அதிலேயே நின்றுவிடும். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், நரம்பில் ஒன்றுமில்லை என்றார். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள்: இடது கையைக் கொண்டுவந்து அந்த விரலைத் தூக்கிவிடுவாள். கூட்டத்துக்கு அது ஒரு பாவனையாகத் தெரிந்தது. "என்னமா உருகுறாங்க!" என்று ஒரு அம்மாள் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

எனக்குப் பயம் விரலைப் பற்றியல்ல. விரல் நிற்கும் நேரத்தில் அக்கா இங்கே இருப்பதில்லை. கண் சின்னக் கதவில் இருக்கும். கூப்பிட்டால் கேட்காது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிக நேரம் போய்விட்டு வந்தாள். ஒருநாள் வராமலே போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

இந்த நிலையில் ஃபியூகை எடுத்துவைத்தாள்.

"இது வேணாங்க்கா. இதுல இடது கைக்கு ஓய்வே இல்ல. ரெண்டு காலுக்கும் வேலை. விரலை யாரு தூக்கி விடுவா?"

"நாலாவது குரல் அந்தக் கட்டையிலதான்டா ஆரம்பிக்குது, ஆமை. அதுக்குத்தான் அவர் உள்ள போனார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன்," என்றாள்.

மேனேஜருக்கு வேறு கவலை. மேல் கட்டைகள் சுதி சேராமல் கிடந்தன. "கொஞ்சம் சுதி விலகுது மேடம். வேற ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேலை நடந்துக்கிட்டிருக்கு சார்," என்றாள் அக்கா.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தாள்களை அடுக்கினேன். சின்னக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சாவி அண்ணன் இடுப்பில் சேர்த்தாகிவிட்டது. உள்ளே ஈ நுழையவும் வழியில்லை.

ஒத்திகையில் எதிர்பார்த்ததே நடந்தது. முதல் குரல் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது காலடியில் கனமாக வந்தது. நான்காவது குரலின் முதல் ஒலியில் சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது. மற்ற மூன்றும் நின்றுபோயின. அந்த ஒன்று மட்டும் அசைந்து அசைந்து ஒலித்துக்கொண்டிருந்தது, யாரோ வாசலில் நின்று உள்ளே வரவா என்று கேட்பது மாதிரி.

நான் ஒரு காரியம் செய்தேன். குனிந்து, அத்தான் சொல்லும் அதே இழுப்பில், "அடுத்தது" என்றேன்.

அக்கா திரும்பாமலே சிரித்தாள். "நீ சொன்னா ஆச்சா? ஆமைக்கு ஏதுடா சுதி?"

விரல் அசையவில்லை. தூக்கிவிடலாம் என்று தொட்டேன். மார்கழிக் குழாயைத் தொட்டது போல ஜில்லென்று இருந்தது. கையை இழுத்துக்கொண்டு மோட்டாரை அணைத்தேன். ஒலி முனகி இறங்கியது. அக்கா வந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். கச்சேரியில் விரல் நின்றால், நான் அவளைக் கேட்காமலே சுவிட்சைத் தட்டிவிட வேண்டும். கச்சேரி கெட்டாலும் கெடட்டும்.

"சத்தியமா தட்டுவியா?"

"தட்டுவேன்க்கா."

"யோசிச்சுக்கிட்டு நிக்காதே. உனக்கு யோசனை முடியறதுக்குள்ள எனக்குக் காலம் முடிஞ்சிடும்."

விழா மதியம் வெயில் கொளுத்தியது. மேல் ஜன்னல்கள் வழியாக மேடையில் சதுரம் சதுரமாக வெளிச்சம் விழுந்திருந்தது. மண்டபம் நிறைந்திருந்தது, முன்வரிசையில் ஒரு பெரியவர் நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டிருந்தார். பேய் பிசாசு நினைப்பு வருகிற இடமா அது? அதனால்தான் இதை நான் சொல்கிறேன். இருட்டு என்று என் கண்ணையும் காதையும் யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டே குமிழ்களை இழுத்தேன்: சரியான வரிசை ஒன்று, அத்தான் பாதியில் விட்ட வரிசை ஒன்று. ஃபியூகை அதிலேதான் தொடங்க வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். வலது கையால் சுவிட்சைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தாளை இடது கையால் திருப்பிக்கொள்ளலாம்.

முதல் குரல் எழுந்தது. விசிறி நின்றது. இரண்டாவது குரல் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தது. மூன்றாவது அக்காவின் கால்களில் நடந்தது. அக்கா நன்றாக வாசித்தாள். அப்படி அவள் வாசித்து நான் கேட்டதில்லை. தாளில் அடுத்த வரியில் நான்காவது குரல் காத்திருந்தது.

சுண்டுவிரல் அந்தக் கட்டையில் இறங்கியது.

மற்ற மூன்று குரல்களும் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. அந்த ஒலி மட்டும் நின்றது, அசைந்துகொண்டு. கூட்டம் இதையும் பாட்டில் ஒரு இடம் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அக்காவின் முகம் கதவின் பக்கம் திரும்பிவிட்டது. நான் சுவிட்சை அழுத்தப் போனேன்.

அப்போது ஒலி ஏறியது.

மிகக் கொஞ்சம். ஆர்கனோடு பழகாதவர்களுக்குத் தெரிந்திருக்காது. குழாய்க்குப் பக்கத்தில் ஒரு உடம்பு வந்து நின்றால் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு. அலை விரைவானது. பிறகு, அந்த உடம்பு மூச்சை அடக்கி ஒதுங்கிக்கொண்ட மாதிரி, ஆறியது.

டிக்.

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து.

டிக், டிக்.

அலை மெதுவானது. இன்னும் மெதுவானது. என் விரல் சுவிட்சின் மேல் மரத்துக் கிடந்தது. எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி அலை நின்றது. மண்டபம் முழுக்க ஒரே நேரான ஒலி.

"அடுத்தது," என்றது உள்ளே.

உரக்க அல்ல. வேலையில் இருக்கிறவர் சொல்கிற மாதிரி, எங்கோ கவனமாக.

அக்காவின் விரல் எழுந்தது. நான்காவது குரல் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது, மற்ற மூன்றும் அதைச் சேர்த்துக்கொண்டன. அதற்குப் பிறகு அவள் தலையசைக்கத் தலையசைக்க நான் குமிழ்களை இழுத்தேன். கடைசியில் கால் ஒரு கனத்த கீழ் ஒலியை அழுத்திப் பிடித்திருக்க, மேலே நான்கு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே இடத்தில் வந்து நின்றன. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மேனேஜர் இருமுறை கண்ணாடியைத் துடைத்தார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதவே வேண்டாம்.

கூட்டம் கலைந்தது. மேனேஜர் வந்து, "அந்த நிறுத்தம் இருக்கே மேடம், அபாரம்! தாள்ல அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விருந்தினர்களை வழியனுப்பப் போனார். சாவி அண்ணன் கடைசி வரிசையில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. எல்லாக் குமிழ்களையும் உள்ளே தள்ளினாள், அந்த இரண்டைத் தவிர. அடுத்த கட்டையை அழுத்திப் பிடித்தாள்.

அலைபாய்ந்தது. டிக். டிக். நின்றது.

"அடுத்தது."

அக்கா அடுத்ததற்குப் போனாள்.

"அக்கா, வீட்டுக்குப் போலாம்."

"இருடா. வேலை நடக்குது."

அவள் முகத்தில் இருந்தது பயமல்ல. சமையலறையில் ஒத்தாசை செய்கிறவர்களிடம் இருக்குமே, அந்த மாதிரி ஒரு மும்முரம். ஒவ்வொரு கட்டையாக மேலே ஏறினாள். குழாய்கள் சின்னதாகிக்கொண்டே போயின, ஒலி ஊசியாகிக்கொண்டே போனது. தட்டுகிற சத்தமும் அதற்கேற்ப மெலிதாகியது. ஒவ்வொரு 'அடுத்தது'க்கும் அக்காவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. டீ நேரம் நெருங்குகிறபோது நிமிருமே, அப்படி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாம் முடிந்தால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் கூப்பிட்டு அவள் போகாமல் இருந்ததே இல்லை.

கதவைப் பார்த்தேன். பூட்டு அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் வளையம் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவி அண்ணே!" என்று கத்தினேன். "கதவைத் திறந்தீங்களா?"

"நான் எங்க தம்பி திறந்தேன்? சாவி இதோ இருக்கு," என்று அவர் கொத்தை ஆட்டிக் காட்டினார்.

கடைசிக்கு முந்தின கட்டை. டிக். நின்றது.

"அடுத்தது."

நான் சுவிட்சில் கை வைத்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அணைக்காதே. பாதியில அணைச்சா அவர் உள்ளேயே இருட்டுல தேடிக்கிட்டு நிப்பார்."

"நீ போயிடுவேக்கா."

அவள் விரலைக் கடைசிக் கட்டைக்கு மேல் கொண்டுபோனாள். தொடவில்லை. மோட்டாரின் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே பலகை ஒருமுறை முனகியது, ஆள் கால் மாற்றி நிற்கிற மாதிரி.

"இவன் தனியா என்ன செய்வான்?" என்று அக்கா கேட்டாள். என்னிடமல்ல. "ரசம் வைக்கக்கூடத் தெரியாது. ஒரு கடுதாசியை எழுதவே காலையிலேர்ந்து சாயங்காலம் ஆக்குவான்."

கதவின் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க," என்றாள். "இன்னைக்குப் போதுங்க. ஒண்ணு பாக்கி இருக்கட்டும். வேலை பாக்கி இருந்தா நீங்களும் எங்கயும் போகமாட்டீங்க."

நான் மூச்சு விடவில்லை. பலகையின் மேல் ஒரு கருவியை வைக்கிற சத்தம் கேட்டது. கோபத்தில் போடுகிற சத்தமல்ல. நாளைக்கு எடுக்க வாகாக வைக்கிற சத்தம்.

அக்கா கையை மடியில் போட்டுக்கொண்டாள். "இப்ப அணை," என்றாள்.

அணைத்தேன்.

மறு வாரம் மேனேஜர் அக்காவைக் கேட்காமலே வேறொரு சுதி சேர்ப்பவரை அழைத்து வந்தார். அவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "யாரோ அருமையா செஞ்சிருக்காங்க. உச்சியில ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு. தட்டிவிடவா?" என்றார்.

"அது அப்படியே இருக்கட்டும் சார்," என்று அக்கா சொன்னாள். "அது எங்க வீட்டு வேலை."

இப்போது அவளுக்கு விரல் ஒட்டுவதில்லை. நன்றாக வாசிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னை முன்னை மாதிரியே திட்டுகிறாள். உச்சிக் கட்டை வருகிற பாட்டை மட்டும் எடுப்பதில்லை.

ஆனால் சில ஞாயிறுகளில், கூட்டம் போன பிறகு, அந்த இரண்டு குமிழ்களை மட்டும் விட்டு மற்றதை உள்ளே தள்ளுவாள். கடைசிக் கட்டையின் மேல் சுண்டுவிரலை வைப்பாள். அழுத்தமாட்டாள், சும்மா வைத்திருப்பாள்.

"எதுக்குக்கா இது?"

"இருக்காரான்னு பாக்குறேன்."

அவள் விரலுக்குக் கீழே அந்தக் கட்டை ஒரு மயிரிழை தாழும், உள்ளேயிருந்து யாரோ மெதுவாக இழுத்துப் பார்ப்பது போல. நான் மோட்டாரை அணைத்துவிடுவேன். அக்காவின் விரல் எழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் இடத்தைவிட்டு எழுந்திருப்பேன்.